தினமும் பாக்கெட்டில் வைக்க எந்த மடக்குக் கத்தி? அதிகம் வாங்கப்படும் ஆறு கத்திகள், ஓர் ஒப்பீடு

மடக்குக் கத்தி வாங்கக் கிளம்புகிறவர்களில் பலர் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். ஒருவர் விக்டோரினாக்ஸின் சுவிஸ் கத்தி போதும் என்கிறார். இன்னொருவர் பூட்டு இல்லாத கத்தி ஆபத்து என்கிறார். மூன்றாமவர் உருக்கின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு, அதற்கு மேல் பேச எதுவுமில்லை என்பதுபோல் முடித்துக்கொள்கிறார். மூவர் சொல்வதும் ஒரு சூழலுக்குச் சரி, மற்றொரு சூழலுக்குத் தவறு.

இங்கே எடுத்துக்கொண்டவை ஆறு: விக்டோரினாக்ஸ் கிளைம்பர், ஓபினெல் எண் 8, ஸ்பைடர்கோ டெலிகா 4, பெஞ்ச்மேட் பக்அவுட், சிவிவி எலிமென்டம், பக் 110. ஆறும் பரவலாக வாங்கப்படுபவை. ஒவ்வொன்றும் ஒரு வகைக்குப் பிரதிநிதி என்பதால், இவற்றைப் புரிந்துகொண்டால் மற்ற நூறு கத்திகளையும் இந்த வரிசையில் பொருத்திப் பார்க்கலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

### அலகின் தடிமன்

நீளத்தைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். தடிமனைக் கேட்பவர் குறைவு. ஆனால் வெட்டும்போது கையில் தெரியும் வித்தியாசம் தடிமனிலிருந்துதான் வருகிறது. ஓர் ஆப்பிளை மெல்லிய அலகால் அறுத்தால் துண்டு வழுக்கிக்கொண்டு விழும். 3 மி.மீ. தடிமனுள்ள அலகால் அறுத்தால் பாதி ஆழத்தில் பழம் ‘படக்’ என்று பிளக்கும். அங்கே வேலை செய்வது கூர் அல்ல, ஆப்பு. தடித்த அட்டைப்பெட்டியை நீளவாக்கில் கிழிக்கும்போதும் இதே கதைதான்: தடித்த அலகு அட்டைக்குள் மாட்டிக்கொண்டு கையை அயரவைக்கும்.

முதுகின் தடிமன் ஒரு பக்கம் இருக்கட்டும். கூருக்குச் சற்று மேலே அலகு எவ்வளவு மெல்லியதாக இறங்குகிறது என்பது அதைவிட முக்கியம். முதுகு தடித்திருந்தாலும் அங்கிருந்து கூர் வரை ஒரே சரிவாக இறங்கும் அலகு நன்றாக வெட்டும். பாதி உயரம் வரை தடித்தே வந்து பிறகு சட்டென்று சரியும் அலகு, எவ்வளவு தீட்டினாலும் ஆப்பாகவே நடந்துகொள்ளும்.

மெல்லிய அலகுக்கும் ஒரு விலை உண்டு. அதை வைத்து மூடியை நெம்பினால் முனை ஒடியும். கத்தி நெம்புகோல் அல்ல என்று ஏற்றுக்கொள்பவர்கள் தயங்காமல் மெல்லியதையே எடுக்கலாம்.

### பூட்டு

பூட்டு இல்லாத கத்தியில், கைப்பிடியின் முதுகில் உள்ள வில்பட்டை அலகின் அடிப்பகுதியை அழுத்திப் பிடித்திருக்கும். போதிய விசை கொடுத்தால் அலகு மடங்கிவிடும். வெட்டும் விசை எப்போதும் அலகைத் திறந்த நிலைக்கே தள்ளுவதால், பழம், கயிறு, பார்சல் போன்ற வேலைகளில் இது ஆபத்து இல்லை. ஆபத்து வருவது இரண்டு இடங்களில்: முனையால் குத்தித் துளையிடும்போது, ஆழமாக மாட்டிக்கொண்ட அலகை ஆட்டி உருவும்போது. அந்த இரண்டிலும் அலகு விரல்மேல் மடங்கும்.

பூட்டுகளில் நான்கு வகை இங்கே வருகின்றன. வளையப் பூட்டில் ஓர் உலோக வளையத்தைக் கையால் திருப்ப வேண்டும்; மறந்தால் பூட்டே கிடையாது. முதுகுப் பூட்டில், கைப்பிடியின் முதுகிலுள்ள நெம்புகோலின் பல் அலகின் அடியிலுள்ள பள்ளத்தில் விழும். பலமானது, ஆனால் அந்தப் பள்ளத்தில் பாக்கெட் பஞ்சு சேர்ந்தால் பல் முழுதாக இறங்காது. தகட்டுப் பூட்டில், கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியில் முட்டுக்கொடுக்கும். மூடும்போது கட்டைவிரல் அலகின் பாதையில் இருக்கும், இதுதான் அதன் குறை. குறுக்குக்கம்பிப் பூட்டில், கைப்பிடியின் குறுக்கே ஓடும் ஓர் உருக்குக் கம்பியை இரண்டு சிறிய வளைவு ஸ்பிரிங்குகள் அலகின்மேல் தள்ளிக்கொண்டிருக்கும். கம்பியைப் பின்னால் இழுத்தால் அலகு விடுபடும். எந்த விரலும் பாதையில் வராது, இடக்கைக்காரர்களுக்கும் சமமாக உதவும். பாதுகாப்பாக மூடுவதை மட்டும் பார்த்தால் இதற்கு ஈடாக மற்ற மூன்றும் இல்லை.

### உருக்கும் தீட்டுவதும்

உருக்கின் பெயர்தான் விவாதங்களில் அதிக இடம் பிடிக்கிறது. முடிவெடுப்பதில் அதற்குக் கடைசி இடம் கொடுங்கள். மந்தமான உயர்ரக உருக்கைவிட, நேற்று தீட்டிய சாதாரண உருக்கு நன்றாக வெட்டும்.

இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் போதும். ராக்வெல் சி அளவில் 56 கடினத்தன்மையுள்ள உருக்கில், அழுத்தம் வந்தால் கூர் பெரும்பாலும் வளையும். சில்லு பெயர்வது அரிது. வளைந்த கூரைப் பீங்கான் கம்பியில் பத்து இழுப்பில் நிமிர்த்திவிடலாம். 59, 60 என்று ஏறும் உருக்குகள் கூரை நீண்ட நாள் காக்கும். ஆனால் கூர் போனபின் திரும்பக் கொண்டுவர அதிக நேரமும் தகுந்த கல்லும் வேண்டும். எஸ்30வி உருக்கில் சுமார் 4 சதவீதம் வெனேடியம் இருக்கிறது. அது உருவாக்கும் கார்பைடு துகள்கள் சாதாரண அலுமினாக் கல்லின் துகளைவிடக் கடினமானவை. அலுமினாக் கல்லில் தேய்த்தால் வேலை நகரவே நகராது என்று தோன்றுவதற்குக் காரணம் இதுதான். அதற்கு வைரத் தூள் பதித்த தட்டு வேண்டும்.

### ஒரு கையா, இரு கையா

ஏணியில் நிற்கும்போது, ஒரு கையில் கயிற்றைப் பிடித்திருக்கும்போது, மீன்பிடிக்கும்போது ஒரு கையால் திறக்கும் கத்தி வேண்டும். மேசையில் உட்கார்ந்து பழம் நறுக்க இரு கையால் திறந்தால் என்ன நஷ்டம்? உங்கள் நாளை நேர்மையாக நினைத்துப் பார்த்து இதற்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். பலருக்கு ஒரு கை வசதி உண்மையில் தேவைப்படுவதில்லை.

### சட்டம்

இது நாட்டுக்கு நாடு மாறும், கத்தி வாங்குமுன் பார்த்தே ஆக வேண்டும். பிரிட்டனில், பூட்டில்லாத, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தியைத் தனியே காரணம் காட்டாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். பூட்டு வந்துவிட்டால் அந்த விலக்கு போய்விடும், நீளம் எதுவானாலும். ஜெர்மனியில், ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் எடுத்துச்செல்லக் கூடாது. விமானத்தின் பயணியர் பகுதிக்குள் கத்தி கொண்டுபோகலாம் என்று நினைக்கவே வேண்டாம். சரக்கில் ஏற்றும் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். சாவிக்கொத்தில் தொங்குவதால் மறந்துபோய், சோதனை மேசையில் பறிகொடுப்பவைதான் அதிகம்.

## ஒரே பார்வையில்

| கத்தி | அலகு நீளம் | எடை | பூட்டு | வழக்கமான உருக்கு | திறக்கும் முறை |
|---|---|---|---|---|---|
| விக்டோரினாக்ஸ் கிளைம்பர் | சுமார் 70 மி.மீ. | 82 கிராம் | இல்லை | மென்மையான துருவேறா உருக்கு, 56 ராக்வெல் | இரு கை, நகப்பள்ளம் (நகத்தை மாட்டி இழுக்க அலகில் உள்ள பள்ளம்) |
| ஓபினெல் எண் 8 | 85 மி.மீ. | சுமார் 45 கிராம் | வளையம் | கார்பன் அல்லது 12சி27 வகை | இரு கை, நகப்பள்ளம் |
| ஸ்பைடர்கோ டெலிகா 4 | 74 மி.மீ. | 71 கிராம் | முதுகுப் பூட்டு | விஜி-10 | ஒரு கை, வட்டத் துளை |
| பெஞ்ச்மேட் பக்அவுட் | 82 மி.மீ. | 52 கிராம் | குறுக்குக்கம்பி | எஸ்30வி | ஒரு கை, கட்டைவிரல் குமிழ் |
| சிவிவி எலிமென்டம் | 75 மி.மீ. | 80 கிராமை ஒட்டி | தகடு | டி2 முதலியன | ஒரு கை, பின்பக்க நெம்பு |
| பக் 110 | 95 மி.மீ. | 204 கிராம் | முதுகுப் பூட்டு | 420எச்சி | இரு கை, நகப்பள்ளம் |

## விக்டோரினாக்ஸ் கிளைம்பர்

கார்ல் எல்ஸ்னர் 1884 இல் சுவிட்சர்லாந்தின் ஈபாக்கில் தொடங்கிய பட்டறை இது. 1891 இல் சுவிஸ் ராணுவத்துக்கு முதல் கத்திகள் போயின. 1897 இல் பதிவான அதிகாரிகள் கத்தியில் இருந்த நுட்பம் இன்றுவரை மாறவில்லை: ஒரே வில்பட்டை கைப்பிடியின் இரு பக்கத்துக் கருவிகளையும் தாங்கும். அதனால்தான் இத்தனை கருவிகள் இவ்வளவு சிறிய இடத்தில் அடங்குகின்றன.

கிளைம்பர் 91 மி.மீ. கைப்பிடியுள்ளது. பெரிய அலகு, சிறிய அலகு, கத்தரி, டப்பா திறப்பான், பாட்டில் திறப்பான், குத்தூசி, தக்கைச் சுருள், பின்பக்கக் கொக்கி இருக்கும். இதில் தங்கம் கத்தரிதான். நகம், நூல், மருந்துப் பட்டை, பால் பாக்கெட் என்று நாளில் பாதி வேலையை அதுவே செய்துவிடும். இதே நிறுவனத்தின் கத்தரி இல்லாத ஸ்பார்ட்டன் மாதிரி 60 கிராமுக்குள் அடங்கும், பாக்கெட்டில் இருப்பதே தெரியாது. ஆனாலும் 20 கிராம் கூடுதலாகச் சுமந்து கத்தரியை வைத்துக்கொள்வதையே பரிந்துரைக்கிறேன்.

அலகு மெல்லியது, உணவுக்கு மிகப் பொருத்தம். உருக்கு மென்மையானது, கூர் சீக்கிரம் தளரும். ஆனால் ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை வைத்துச் சில இழுப்புகளில் கூர் திரும்பிவிடும். கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல ஆசான் கிடையாது.

குறைகள் இவை. பூட்டில்லை. ஈரக் கையில் நகப்பள்ளம் வழுக்கும். பாக்கெட் தூசு மூட்டுகளில் அடைந்து கருவிகள் இறுகிப்போகும். அப்போது சிலர் சமையல் எண்ணெய் விடுகிறார்கள். அது சில வாரத்தில் பிசினாகி நிலைமையை மோசமாக்கும். செய்ய வேண்டியது: சோப்புக் கரைசலுள்ள வெதுவெதுப்பான நீரில் முக்கி, ஒவ்வொரு கருவியையும் பத்துமுறை திறந்து மூடி, நன்றாக உலர்த்தி, ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சொட்டுக் கனிம எண்ணெய். கத்தரியின் சிறு ஸ்பிரிங், பல்குத்தி, சாமணம் மூன்றும் தொலைகிற சாமான்கள். மூன்றுக்கும் மாற்றுத் துண்டுகள் தனியே கிடைக்கின்றன.

அலுவலகம், பயணம், வீடு என்று சுற்றுபவருக்கு, சட்டம் கடுமையாக உள்ள நாட்டில் இருப்பவருக்கு, பிறர் முன்னிலையில் கத்தியை எடுத்தால் யாரும் பதறக் கூடாது என்று நினைப்பவருக்கு இதுவே சிறந்தது. கைப்பிடி சிவப்பும் வெள்ளைச் சிலுவையும் பார்த்து எவரும் பயப்படுவதில்லை. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். தினமும் எடுத்துப் புழங்கும் பொருளில் அது சின்னதல்ல.

## ஓபினெல் எண் 8

பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் 1890 இல் ஜோசப் ஓபினெல் வடித்த கத்தி. 1897 இல் 1 முதல் 12 வரை எண்ணிட்டு அளவுகள் வந்தன. பூட்டும் வளையம் 1955 இல் சேர்ந்தது. மரக்கைப்பிடி, அலகு, அச்சாணி, உலோகக் கழுத்து, வளையம் என்று ஐந்தே பாகம். எடை சுமார் 45 கிராம், அலகு 85 மி.மீ. வெட்டும் திறனை மட்டும் அளந்தால் இந்த ஆறில் முதலிடம் இதற்குத்தான். அலகின் முதுகே 2 மி.மீ.க்குக் குறைவு, அங்கிருந்து கூர் வரை ஒரே மெல்லிய சரிவு. தக்காளியை அழுத்தாமல் அறுக்கும்.

இத்தனை நல்ல கத்தியைச் சிலர் ஒரே மாதத்தில் இழுப்பறையில் போட்டுவிடக் காரணம் மரம். ஈரம் பட்டால் பீச் மரம் ஊதும். அலகு உட்காரும் பிளவு குறுகி, கத்தி திறக்க மறுக்கும். நகம் உடையும்வரை இழுப்பார்கள். வேண்டாம். முதலில் வளையம் விடுபட்ட நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கைப்பிடியின் பின்நுனியை மேசை விளிம்பில் லேசாகத் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே எட்டிப்பார்க்கும். சவோய்காரர்களின் பழைய வழி அது. நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால், கத்தியை ஓரிரு நாள் நன்றாக உலரவிட்டு, பிளவின் உட்பக்கத்தை மடித்த உப்புத்தாளால் கொஞ்சமாகத் தேய்த்து, மூட்டுப் பகுதியில் ஆளிவிதை எண்ணெய் ஊறவிட்டு மீண்டும் உலர்த்துங்கள். எண்ணெய் குடித்த மரம் அவ்வளவு எளிதில் தண்ணீர் குடிக்காது. துருவேறா அலகுள்ள ஓபினெலை வாங்கியவர்களும் இதைச் செய்ய வேண்டும். மாறியது அலகுதான், மரம் அதே மரம்.

கார்பனா, துருவேறாததா? கார்பன் அலகு அற்புதமாகக் கூரேறும். ஆனால் எலுமிச்சை, வெங்காயம், ஆப்பிள் பட்டால் கறுக்கும், முதல் சில வாரம் பழத்தில் இரும்பு வாசனை ஏறும். சாம்பல் நிறப் படலம் படிந்தபின் அது அடங்கும். ஒவ்வொரு முறையும் துடைத்து வைக்கும் பழக்கம் இல்லையென்றால் தயங்காமல் துருவேறாததை எடுங்கள். கூரில் பெரிய இழப்பில்லை.

வளையத்தைத் திருப்பாமல் வேலை தொடங்குவதுதான் இதில் நடக்கும் விபத்துகளின் வேர். வில்பட்டை இல்லாததால், பூட்டாத ஓபினெலில் அலகைத் தாங்குவது மரத்தின் இறுக்கம் மட்டுமே. மூடியபிறகும் வளையத்தைத் திருப்பிவைக்கலாம். பைக்குள் தானாகத் திறக்காமல் இருக்க அதைக் கட்டாயம் செய்யுங்கள்.

சமையல், தோட்டம், காட்டுநடை என்று உணவை மையமாக வைத்து வெட்டுபவர்களுக்கு இது. கடல், மழை, சேறு என்றால் இது வேண்டாம்.

## ஸ்பைடர்கோ டெலிகா 4

அமெரிக்காவின் ஸ்பைடர்கோ 1981 இல் வெளியிட்ட முதல் கத்தியிலேயே அலகில் வட்டத் துளையும் பாக்கெட்டில் மாட்டும் கிளிப்பும் இருந்தன. இன்று கிளிப் இல்லாத நவீனக் கத்தியே அரிது. டெலிகா 1990 இல் வந்தது, இப்போதைய நான்காம் தலைமுறை ஜப்பானின் செக்கி நகரில் செய்யப்படுகிறது.

துளைதான் இதன் உயிர். குமிழ் வைத்த கத்திகளில் கையுறை போட்டால் தடுமாறும், இதில் தடுமாறாது. கிளிப்பை நான்கு இடத்தில் மாற்றிப் பொருத்தலாம் என்பதால் இடக்கைக்காரருக்கும் முழு உரிமை. நைலான் கலந்த கைப்பிடி லேசானது, நனைந்தாலும் பிடிப்பு விடாது. அலகு 2.5 மி.மீ. தடிமன், முதுகிலிருந்தே சரியும் தட்டை வடிவில் வாங்கினால் உணவுக்கும் அட்டைக்கும் ஒரேபோல் பொருந்தும்.

விஜி-10 உருக்கில் சுமார் 15 சதவீதம் குரோமியம், துரு அபூர்வம். தீட்டும்போது ஒரு தொல்லை தரும்: பிசிறு (தீட்டும்போது கூரின் விளிம்பில் எழும் மெல்லிய உலோக இழை) லேசில் விழாது, ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கும். கடைசிச் சில இழுப்புகளை மிக லேசான அழுத்தத்தில், பக்கம் மாற்றி மாற்றி இழுத்து, பிறகு தோல்வாரில் முடித்தால் விழுந்துவிடும். பிசிறோடு விட்டால் முதல் அட்டைப்பெட்டியிலேயே கூர் போய்விடும், பழி உருக்கின்மேல் விழும்.

முதுகுப் பூட்டு என்பதால் ஒரு கையால் மூடப் பழக வேண்டும். பழகும்வரை இரு கையால் மூடுங்கள். மாதம் ஒருமுறை பூட்டின் பள்ளத்தை மரக்குச்சியால் குடைந்து பஞ்சை எடுங்கள். முனை மிக மெல்லியது, நெம்பினால் ஒடிவது முனைதான்.

பட்டறை, தோட்டம், படகு என்று கையாலான வேலைகளில் இருப்பவர் ஒரே கத்திதான் வாங்குவார் என்றால், இந்த ஆறில் டெலிகாவைத்தான் முதலில் கையில் எடுத்துக் காட்டுவேன்.

## பெஞ்ச்மேட் பக்அவுட்

2017 இல் வந்தது. 82 மி.மீ. அலகு வைத்துக்கொண்டு 52 கிராம்தான் எடை. மெல்லிய கால்சட்டையிலும் இழுத்துத் தொங்காது. கிளிப் ஆழமாக இறங்குவதால் கத்தி வெளியே தெரியாது. குறுக்குக்கம்பிப் பூட்டின் சுகம் முன்பே சொன்னதுதான்: விரல் பாதையில் வராது, இரு கைக்கும் சமம்.

எடையைக் குறைக்க எதை விட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். முழு நீள உருக்குத் தகடு கைப்பிடிக்குள் இல்லை, அதனால் நடுவில் இறுக்கிப் பிடித்தால் கைப்பிடி சற்று வளைவது தெரியும். உடையாது. ஆனால் கெட்டியான பிடியை விரும்புபவருக்கு அது உறுத்தும். பூட்டை இயக்கும் வளைவு ஸ்பிரிங்குகள் மெல்லிய கம்பி, நீண்ட புழக்கத்தில் ஒன்று முறிவது உண்டு. மற்றொன்று தாங்கும் என்றாலும் கம்பி ஒரு பக்கம் சாய்ந்து வரத் தொடங்கும். அந்த அறிகுறி தெரிந்தால் ஸ்பிரிங்கை மாற்றும்வரை கனமான வேலைக்கு எடுக்காதீர்கள்.

எஸ்30வி கூரை நெடுநாள் காக்கும். வைரத் தட்டு இல்லாத வீட்டில் அதுவே சிக்கலாகும். முற்றிலும் மழுங்கும்வரை விடாமல், வெட்டு சற்று இழுக்கத் தொடங்கும்போதே பீங்கானில் தொட்டுவிட்டால் சிரமம் வராது. தயாரிப்பாளருக்கு அனுப்பியும் தீட்டி வாங்கலாம். அஞ்சல் செலவும் கத்தி இல்லாத நாட்களும் உங்கள் கணக்கு.

நாள் முழுவதும் சுமப்பவர், நடப்பவர், ஓடுபவர், இடக்கைக்காரர் இதை நாடலாம். தொலைத்துவிடும் பழக்கம் உள்ளவர் வேண்டாம். ஆறில் விலை உச்சத்தில் இருப்பது இதுதான்.

## சிவிவி எலிமென்டம்

2018 இல் தொடங்கிய பிராண்ட், வீ நைஃப் நிறுவனத்தின் பிள்ளை. குறைந்த விலையில் இத்தனை நேர்த்தியான வேலைப்பாடு கிடைக்கும் என்பதை வழக்கமாக்கியதில் இதற்குப் பங்குண்டு. பின்பக்க நெம்பை விரலால் தட்டினால், குண்டுத்தாங்கியில் சுழலும் அலகு வழுக்கிக்கொண்டு திறக்கும்.

தகட்டுப் பூட்டு வலக்கைக்கு ஏற்ப அமைந்தது. அலகு சுமார் 3 மி.மீ. தடிமன், கூரின் அருகே போதுமான அளவு மெலிந்திருந்தாலும் பழத்தில் ஓபினெலுக்கு அருகில்கூட வராது. டி2 உருக்கில் சுமார் 12 சதவீதம் குரோமியம் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி கார்பைடுகளில் சிக்கிவிடுவதால் துருவைத் தடுக்க மிச்சமிருப்பது குறைவு. வியர்வை ஊறும் பாக்கெட்டில் வைத்தால் அலகில் பழுப்புப் புள்ளிகள் வரும். இதே கத்தி 14சி28என் போன்ற துருவேறா உருக்கிலும் வந்திருக்கிறது. ஈரப்பதமுள்ள இடத்தில் இருப்பவர்கள் டி2வை விட்டுவிட்டு அதைத் தேடுவது புத்திசாலித்தனம்.

அட்டைப்பெட்டி, டேப், பார்சல் பிரிப்பவருக்கும், முதல்முறை ஒரு கைக் கத்தி வாங்குபவருக்கும் போதும், போதுமானதற்கு மேலும்.

## பக் 110

1964 முதல் வரும் வேட்டைக்காரர் கத்தி. பித்தளையும் மரமும் சேர்ந்த கைப்பிடி, 95 மி.மீ. அலகு, 204 கிராம். 420எச்சி சாதாரண உருக்குதான், ஆனால் வெப்பப் பதம் சரியாகக் கொடுத்தால் என்ன செய்யும் என்பதற்கு இதுவே நிரூபணம். பாக்கெட்டுக்கு உரியதல்ல, இடுப்புவாரின் தோல் உறையில் இருப்பது. உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் வைத்தால் தோலின் ஈரமும் பதனிட்ட பொருளும் சேர்ந்து பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும், எனவே கத்தியை வெளியே எடுத்து வையுங்கள். வயலிலும் காட்டிலும் கனமான வேலை செய்பவருக்கு நல்ல துணை. மற்றவர்கள் மூன்றாம் நாள் வீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள்.

## ரசீதில் வராத செலவுகள்

தீட்டும் சாமான். எந்தக் கத்தியானாலும் கூர் போகும். விக்டோரினாக்ஸ், ஓபினெல், பக் மூன்றுக்கும் ஒரு நடுத்தரக் கல்லும் பீங்கான் கம்பியும் போதும். டி2, எஸ்30வி என்றால் வைரத் தட்டையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு விலையை ஒப்பிடுங்கள். இழுத்துத் தீட்டும் வி வடிவக் கருவி கூரை உராய்ந்து பிய்க்கும், விலையுள்ள கத்தியில் அது வேண்டாம்.

திருகுகள். நவீனக் கத்திகளில் நட்சத்திரத் தலைத் திருகுகள் இருக்கும், பெரும்பாலும் டி6, டி8 என்ற அளவுகளில் (டி2 உருக்கோடு இதற்குத் தொடர்பில்லை). மட்டமான திருப்புளி தலையை உருட்டிவிடும். அதன்பின் அந்தத் திருகை எடுப்பது பெரும்பாடு. அச்சாணித் திருகை இறுக்கும்போது ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு மட்டும் திருப்பி, திறந்து பார்த்து, மறுபடி திருப்புங்கள்.

கிளிப். கரடுமுரடான கைப்பிடியும் இறுக்கமான கிளிப்பும் சேர்ந்தால் கால்சட்டைப் பாக்கெட்டின் விளிம்பை ஓராண்டில் நைத்துவிடும். கிளிப்பின் கீழே வரும் பகுதியை மட்டும் நைஸ் உப்புத்தாளால் வழவழப்பாக்கினால் துணி பிழைக்கும்.

போலி. பிரபலமான மாதிரி எதுவோ அதற்குத்தான் போலி வரும். டெலிகா, பக்அவுட் இரண்டும் முக்கிய இலக்குகள். அலகில் பொறித்த பெயர் மங்கலாக இருப்பது, திருகுத் தலைகள் வேறு வேறாக இருப்பது, எடை குறிப்பிட்டதிலிருந்து பத்து கிராம் விலகுவது ஆகியவை சந்தேகத்துக்குப் போதும். வெப்பப் பதம் இல்லாத உருக்கும் நழுவும் பூட்டும் சேர்ந்த போலி விரலுக்கே ஆபத்து.

## இரண்டில் தடுமாறுபவர்களுக்கு

கிளைம்பரா டெலிகாவா என்று கேட்டால், கடந்த ஒரு வாரத்தில் எத்தனை முறை கத்தரியோ டப்பா திறப்பானோ வேண்டியிருந்தது, எத்தனை முறை ஒரு கை மட்டும் காலியாக இருந்தது என்று எண்ணிப்பாருங்கள். எந்த எண் பெரிதோ அதுதான் பதில்.

டெலிகாவா பக்அவுட்டா? உழைப்புக்கு டெலிகா, சுமைக்குப் பக்அவுட். மூடும்போது விரல் பயம் இருப்பவர் விலை கூடினாலும் குறுக்குக்கம்பிப் பூட்டுக்குப் போகலாம். அந்தப் பூட்டை இப்போது பல நிறுவனங்கள் குறைந்த விலையிலும் தருகின்றன.

ஓபினெலா கிளைம்பரா என்பது சமையலறைக்காரர்களின் கேள்வி. உணவு மட்டும் என்றால் ஓபினெல். மற்ற எல்லாவற்றுக்கும் கிளைம்பர். சிலர் இரண்டையும் வாங்குகிறார்கள். இரண்டின் விலையும் சேர்ந்தால்கூடப் பக்அவுட்டுக்குக் கீழேதான் நிற்கும் என்பதால் அது தவறான முடிவல்ல.

## கையில் வந்த முதல் நாள்

1. அலகை மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். மூடியபோது அலகு இரு பக்கத் தகடுகளையும் உரசாமல் நடுவில் நிற்க வேண்டும்.
2. திறந்து பூட்டியபின் அலகை விரல்களால் பிடித்து மேலும் கீழும், பிறகு பக்கவாட்டில் அசையுங்கள். மேல்கீழ் அசைவு பூட்டின் குறை, திருப்பிக் கொடுங்கள். பக்கவாட்டு அசைவு திருகை இறுக்கினால் போகும்.
3. தகட்டுப் பூட்டானால், தகடு அலகின் அடியில் எவ்வளவு தூரம் வந்து நிற்கிறது என்று பாருங்கள். அகலத்தில் கால் பங்கிலிருந்து பாதிவரை நல்லது. ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றால் நழுவும்.
4. பூட்டைச் சோதிக்க அலகின் முதுகைக் கல்லிலோ மேசையிலோ ஓங்கித் தட்டுவது சிலர் வழக்கம். அது நல்ல பூட்டையும் கெடுக்கும். விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கி வைத்து, முதுகை மடித்த துணிமேல் சீராக அழுத்தினால் போதும்.
5. கூரை விளக்குக்கு நேரே திருப்பிப் பாருங்கள். கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பாது. மின்னும் புள்ளி எங்கே தெரிகிறதோ அங்கே கூர் மழுங்கியிருக்கிறது. ஆலையிலிருந்து வரும் கத்திகளிலும் இது உண்டு, பத்து நிமிடத்தில் தீட்டிச் சரிசெய்துகொள்ளலாம்.